மேற்குச் சுவரின் ஜன்னல்

இல்லாத ஒரு ஜன்னலைப் பற்றி நான் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதியதோடு நின்றிருந்தால் அந்த அசட்டுத்தனம் நோட்டுப் புத்தகத்தோடு போயிருக்கும். வீட்டுக்கு வந்தவர்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்துப் படித்துக் காட்டினேன். அதுவும் போதாதென்று கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை இடித்தேன்.

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் முதலில் எழுந்த செங்கல் வீடு எங்களுடையது. மற்ற வீடெல்லாம் மண் சுவரும் கூரையுமாக இருந்த காலத்தில் கட்டியதால், 'செங்கல் வீட்டுக்காரங்க' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. பிறகு தெரு முழுக்கச் செங்கல் வீடு வந்துவிட்டது. பட்டம் மட்டும் போகவில்லை. முன்பாதியைக் கட்டியவர் என் கொள்ளுத்தாத்தா. விரல் கனத்துக்கு மேல் போகாத சின்னச் செங்கல், கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு, ஆணி அடித்தால் ஆணி வளைகிற சுவர். பின்பாதி அவருடைய மகன் கட்டியது. அதற்குள் சூளைச் செங்கல் பெரிதாகிவிட்டது, கட்டுகிறவர்களின் பொறுமை சிறிதாகிவிட்டது. இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் தரை ஒரு சாண் இறங்கும், நிலையும் ஒரு சாண் தாழும். காலைப் பார்த்து நடப்பவன் தலையில் இடித்துக்கொள்வான். தலையைக் காப்பாற்றுகிறவன் விழுவான். என் அப்பா சமையலறைக்குச் சீமை ஓடு போட்டார், அது ஒழுகியது. நான்காம் தலைமுறையான நான் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. சரித்திரம் எழுதினேன்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. யுத்தம் வருவதற்கு மூன்று நான்கு வருஷம் இருந்தது. கோர்ட்டில் குமாஸ்தா உத்தியோகம். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு ஹாஸ்யக் கட்டுரை. சிரிக்க வைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்த வயதில் ஓர் அரிப்பு வரும்: உலகம் தன்னைக் கனமானவனாக மதிக்க வேண்டும் என்று. எனக்கு அது கட்டடக் கலையாக வந்தது. வாசக சாலையில் இங்கிலீஷ் புத்தகங்களை எடுத்துவந்து, நான் ஒருநாளும் பார்க்கப் போகாத மாளிகைகளின் தூண்களைப் பற்றியெல்லாம் தெரிந்துகொண்டேன். கையில் அளவு நாடாவோடு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தேன்.

பிறந்தது இந்த வீட்டில்தான் என்றாலும் நான் வளர்ந்தது விழுப்புரத்தில். எனக்கு மூன்று வயதில் அம்மா ஜுரத்தில் இறந்துபோனாள். அன்றைக்கே மாமா என்னைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார். ரயில் பாதையை ஒட்டிய அவர் வீட்டில், வண்டி போகும்போதெல்லாம் தட்டில் சோறு நடுங்க, நான் நன்றாகவே வளர்ந்தேன். தாயில்லாப் பிள்ளைக்குரிய ஏக்கமோ பயமோ எனக்கு இருந்ததாக மாமி சொன்னதில்லை. சொல்லப்போனால் அங்கே நான் தனியாகப் படுத்ததாகவே தோன்றியதில்லை. அப்பா வருஷத்துக்கு இரண்டு முறை வந்து, தலையைத் தடவிவிட்டுத் திரும்பிவிடுவார். அவரும் போன பிறகு உத்தியோக மாற்றம் என்னையும் என் மனைவியையும் திண்டிவனத்துக்கே கொண்டுவந்து போட்டது. வீட்டில் இருந்தது அத்தை ஒருத்தி. அப்பாவின் அக்கா, சின்ன வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். உடம்பு அகத்திக்குச்சி, குரல் கோர்ட்டு வாசலில் நின்று பெயர் கூவுகிற டவாலிக்கு ஈடு.

மேற்குப் பக்கத்தில் ஓர் அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. அத்தை அதில் எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கிப் பூட்டி வைத்திருந்தாள். மூட்டை எடுக்க வேண்டுமானாலும் ஆளை அனுப்புவாளே தவிர, தான் உள்ளே போகமாட்டாள். எலிக்குப் பயம் என்று நான் நினைத்தேன்.

ஆனால் எனக்கு அந்த அறையில் ஒரு ஜன்னல் ஞாபகம் இருந்தது. என் ஆயுளின் முதல் ஞாபகமே அதுதான். நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ச் சுவரிலிருந்து ஒரு பெரிய வெளிச்சம், தூசி மிதக்க மிதக்க, உள்ளே வந்து என் காலின் மேல் விழுகிறது. கால் சுடுகிறது. பிறகு பெருங்காய வாசனையுள்ள ஒரு கை என் கண்ணைப் பொத்துகிறது. அவ்வளவுதான். யாரோ என்னோடு கண்ணாமூச்சி விளையாடியதாக முப்பது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அத்தையைக் கேட்டேன். "அந்தச் செவுத்துல ஜன்னலே கெடையாது. ஒனக்கு யாரு சொன்னது?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே சமையலறைக்குப் போய்விட்டாள். 'இவ்வீட்டுப் பெண்டிருக்குக் கட்டட விஷயங்களில் அறிவு சொற்பம்' என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மூட்டைகளை நகர்த்திப் பார்த்தபோது சுவரே எனக்குச் சாட்சி சொன்னது. நடுவில் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்குச் செங்கல் வேறு வரிசையில் இருந்தது. சுண்ணாம்பு இல்லை, வெறும் களிமண். வரிசை கோணலும் மாணலுமாக இருந்தது. அந்தத் திட்டு தரைவரைக்கும் இறங்கியிருந்தது. தரையைத் தொடுகிற ஜன்னல் திண்டிவனத்தில் ஏது? என் புத்தி நேராகப் புதுச்சேரிக்கு வண்டியேறியது. வெள்ளைக்காரத் தெருவில் ஜன்னல்கள் அப்படித்தான் தரைவரை இறங்கும். ஆக, கொள்ளுத்தாத்தா புதுச்சேரிக்கு வியாபாரமாகப் போயிருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரன் வீட்டைப் பார்த்து மயங்கியிருக்க வேண்டும். பிற்காலத்தில் திருடர் பயத்தில் யாரோ அவசரமாக மூடியிருக்க வேண்டும். பதினொரு பக்கம். 'மேற்குச் சாளரம்: ஒரு பிரெஞ்சுச் சாயல்' என்று தலைப்பும் கொடுத்தேன். கொள்ளுத்தாத்தா ஏரியைத் தாண்டிக் கிழக்கே போனதற்கு ஓர் ஆதாரமும் இல்லை.

இது இத்தோடு முடிந்திருக்கும். என் மனைவிக்கு இருமல் வந்தது.

மாதக்கணக்கில் நிற்கவில்லை. மாலையில் ஜுரமும் சேர்ந்துகொண்டது. விழுப்புரத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். டாக்டர் அவள் முதுகில் நெடுநேரம் தட்டிக் கேட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காற்றும் வெளிச்சமும் உள்ள தனி அறை வேண்டும். மூன்று மாதம் பார்க்கலாம். தேறாவிட்டால் சானடோரியம் என்றார். அந்தக் காலத்தில் சானடோரியத்துக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். திரும்பி வந்தவர்களைத் தெரியாது.

தனி அறை என்று எங்கள் வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். அத்தை திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே காணை கிராமத்தில் உறவுக்காரர் வீட்டு அறுவடைக்கு ஒத்தாசையாக இருந்துவிட்டு வருவதாகப் புறப்பட்டாள். அவள் வண்டி தெருமுனை திரும்பியதும் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினேன். முப்பத்தாறு வயதுக்காரன், கோர்ட்டு உத்தியோகஸ்தன், அத்தை இல்லாத நேரம் பார்த்து வீட்டை இடித்தேன்.

கொத்தனார் திட்டைத் தடவிப் பார்த்தார். குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார். எழுந்து என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது ஜன்னலு மாதிரி தெரியலீங்களே."

"பிரெஞ்சு ஜன்னல். தரைவரைக்கும் இருக்கும்."

"இல்லீங்க, வூட்டுப் பெரியவங்க யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டுக்கினு..."

நான் அவருக்குப் புதுச்சேரிக் கட்டடங்களைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினேன். அவர் தலையாட்டிவிட்டு, "படிச்சவங்க சொல்றீங்க" என்றார். ஆனால் உள்ளே நின்று இடிக்க மறுத்துவிட்டார். ஏரிக்குப் போகிற பக்கத்துச் சந்தில் நின்று, வெளியிலிருந்தே கடப்பாறையைப் போட்டார். கல் எல்லாம் சுலபமாகப் பெயர்ந்தது. வேலை முடிந்ததும் மோர்கூடக் குடிக்காமல் நேராக ஏரிக்குப் போய்த் தலைமுழுகினார். 'தொழிலாளரிடையே சுத்த உணர்வு பாராட்டத்தக்கது' என்று அன்று இரண்டாவது குறிப்பு எழுதினேன்.

பெயர்ந்த களிமண்ணில் ஒரு விஷயம் இருந்தது. காய்ந்த மண்கட்டிகளில் விரல் பதிந்திருந்தது. கரண்டி பிடித்துப் பூசியது அல்ல. வெறுங்கையால் அப்பி அழுத்தியது. மெல்லிய விரல்கள். என் கையை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. 'கட்டுமானத்தில் பெண் கூலிகள் ஈடுபட்டனர்' என்று மூன்றாவது குறிப்பு.

சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் உள்ளே வந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். தூசி மிதந்தது. வெளிச்சம் நகர்ந்து வந்து என் காலின் மேல் விழுந்தது. கால் சுட்டது. முப்பத்து மூன்று வருஷம் யாரும் நம்பாத ஒரு வெளிச்சம் அச்சு அசலாக அங்கே கிடந்தது. கொஞ்ச நேரம் எனக்கு ஹாஸ்யம் ஒன்றும் தோன்றவில்லை. என் கண்ணைப் பொத்த ஒரு கை வரும் என்று காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூட்டைகளை அப்புறப்படுத்தி, சுவரை வெள்ளையடித்து, கட்டிலைப் போட்டு, சந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்க்காமல் இருக்கத் திறப்பின் மேல் என் பழைய வேஷ்டியைத் திரையாகக் கட்டினேன். என் மனைவி முதல் நாளே விடியும்வரை தூங்கினாள். நாலாம் நாள் அவள் சொன்னாள்: "என்னங்க, நாலு மணி வாக்குல யாரோ வந்து நின்னுட்டுப் போறாங்க."

"யாரு?"

"தெரியல. வெளிச்சம் அப்படியே அணைஞ்ச மாதிரி ஆகுது. கொஞ்ச நேரம் நிக்கிறாங்க. அப்புறம் போயிடறாங்க. தினமும்."

மறுநாள் கோர்ட்டிலிருந்து சீக்கிரமே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரை பொன் நிறமாக எரிந்துகொண்டிருந்தது. நாலு மணி சுமாருக்கு அது கறுத்தது. சத்தம் ஒன்றும் இல்லை. அறை கிணற்றுக்குள் இருப்பதுபோல் ஆயிற்று; என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பத்து எண்ணுகிற நேரம். பிறகு வெளிச்சம் திரும்ப வந்தது. திரை ஓர் எட்டுத் தூரத்தில்தான் இருந்தது. விலக்கிப் பார்த்திருக்கலாம். சரித்திர ஆசிரியனுக்குக் கை எழவில்லை. அதற்குப் பதில் கூடத்தைக் கடந்து, தாழ்ந்த நிலையில் தலையை இடித்துக்கொண்டு, தலைவாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிச் சந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். யாரும் இல்லை. புதுச் சாணி ஒன்றை மிதித்ததுதான் மிச்சம். காலைக் கழுவிக்கொண்டு, 'மேகம்' என்று நோட்டில் எழுதினேன். பங்குனி மாதம், வானத்தில் துணுக்கு மேகம் கிடையாது.

ஒன்பதாம் நாள் பிற்பகல் அத்தை வந்தாள். வண்டிக்காரன் சந்து வழியாக ஓட்டிவந்ததால், வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவள் சுவரைப் பார்த்துவிட்டாள்.

"எவன்டா இதை இடிச்சது?"

நான் ஓடினேன். அவள் சந்தில் நின்றுகொண்டிருந்தாள். மூட்டை கீழே கிடந்தது.

"நான்தான் அத்தை. அவளுக்குக் காத்து வேணும்னு டாக்டர்..."

"யாரைக் கேட்டுக்கினு இடிச்சே?"

"பழைய ஜன்னல்தானே அத்தை? எனக்கே ஞாபகம் இருக்கு. மூணு வயசுல பாத்திருக்கேன். வெயில் வந்து என் கால் மேல விழுந்துது."

அத்தையின் முகத்தில் கோபம் இருந்த இடம் காலியாகிவிட்டது. "கண்ணைப் பொத்திக்கினுதானேடா இருந்தேன்" என்றாள். "கையை எடுக்கவே இல்லியே. வெரல் சந்துல பாத்துட்டியா நீ?"

எனக்குப் பெருங்காய வாசனை வந்தது. பிரமையல்ல, அவள் கையில் எப்போதும் இருப்பதுதான். மூன்று வருஷமாக அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு உறைக்கவில்லை.

"ஒங்கம்மா செத்தது அவிட்டத்துலடா. ஆறு மாசம் அடைப்பு. அடைப்புல போனவங்களத் தலைவாசல் வழியா எடுக்கக் கூடாது. போன வழி தெரிஞ்சா அதே வழியா திரும்பிடுவாங்க. செவுத்த ஒடைச்சி இந்தச் சந்துலதான் எறக்குனாங்க, அத நீ பாக்கக் கூடாதுன்னுதான் கண்ணைப் பொத்துனேன். சுடுகாட்டுக்குப் போனவங்க திரும்பி வர்றதுக்குள்ள வழியை அடைச்சாவணும். அன்னிக்கிப் பாத்து ஆளு ஒருத்தன் ஆப்புடல. நாந்தான் ஏரி மண்ணை வாரியாந்து கையாலயே அப்புனேன். நீ பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கினு இருந்தே. பொழுது சாஞ்சதும் ஒங்க மாமா வந்து தூக்கிக்கினு போனாரு."

என் பதினொரு பக்கமும் அந்தச் சந்தில் நின்றபடியே செத்தது. களிமண், அவசரம், கோணல் வரிசை, தரைவரை இறங்கிய திட்டு, பெண் கூலி: ஒவ்வொன்றாக இடத்தில் போய் உட்கார்ந்தது. நாலு மணிக்கு வந்து நிற்பது யார் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது; தினமும் வந்து நிற்பதை அத்தையிடம் சொல்லியும் விட்டேன். போன வழியை அடைத்து வைத்திருந்தார்கள். நான் திறந்துவிட்டிருக்கிறேன்.

அத்தை அந்த அறை வாசல்வரை வந்தாள். நிலையைத் தாண்டவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள மூடணும். இல்லன்னா நான் காணைக்கே போறேன். முப்பது வருஷத்துக்கு மேல காபந்து பண்ணி வச்ச செவுரு" என்றாள்.

என் மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அவள் அத்தையை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

"மூட வேணாம் பெரியம்மா. ஒம்பது நாளாத்தான் எனக்கு மூச்சு உள்ள போகுது."

"ஒனக்குத் தெரியாது பொண்ணே. தினம் வந்து நிக்குதுன்னு சொல்றானே இவன், அது யாருன்னு..."

"இப்பத்தானே சொன்னீங்க, கேட்டுது. என் மாமியார்தானே? என்னை ஒருதரம்கூடப் பாத்ததில்ல. பாத்துட்டுப் போகட்டும்."

நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். மூடினால் ஒருத்தி மூச்சுக்குத் தவிப்பாள். திறந்திருந்தால் ஒருத்தி வீட்டை விட்டுப் போவாள். இதற்கு என் புத்தகங்கள் எதிலும் குறிப்பில்லை. அப்போது திரை கறுத்தது.

மூவரும் பார்த்தோம். என் மனைவி கை கூப்பினாள். நான் அம்மா என்று கூப்பிட வாயெடுத்தேன். பழக்கமில்லாத வார்த்தை, வரவில்லை. அத்தையின் கண் மட்டும் திரையில் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தது. வெளிச்சம் திரும்பியபோது அவள் நிலையைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து என் மனைவியின் முதுகைத் தடவினாள்.

"ஜன்னலுன்னு எழுதி வச்சிட்டான். ஜன்னலாவே வச்சிடட்டும்" என்றாள், என்னைப் பார்க்காமல். "நாளைக்குக் கொத்தனாரக் கூப்புடு. இடுப்பு ஒசரத்துக்குக் கல்லை ஏத்திட்டு மேல கம்பி போடச் சொல்லு. கால் வைக்க எடமில்லன்னா யாரும் உள்ள வர முடியாது. வெளிச்சம் வந்துட்டுப் போவட்டும்."

கொத்தனார் வந்தார். சந்தில் மண்ணையும் சுண்ணாம்பையும் குவித்துக்கொண்டு, அதே கல்லை வைத்தே இடுப்புவரை ஏற்றினார். இந்த முறை உள்ளே நின்று வேலை செய்தார். மோரும் குடித்தார். விரல் பதிந்த மண்கட்டி ஒன்றை எடுத்து என் மேஜைக்குள் வைத்துக்கொண்டேன். இன்னும் இருக்கிறது. இப்படியாக, என் நோட்டில் மட்டுமே இருந்த மேற்கு ஜன்னல் உண்மையாகவே வந்து சேர்ந்தது. என் மனைவி சானடோரியத்துக்குப் போகவில்லை. ஜுரம் மூன்று மாதத்தில் விட்டது, இருமல் விட ஒன்றரை வருஷம் ஆயிற்று.

ஆனால் ஜன்னல் வைத்த நாளிலிருந்து அந்த நிழல் வரவில்லை.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. நாலு மணிக்கு வீட்டில் இருக்க நேர்ந்த நாளெல்லாம் அந்த அறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளிச்சம் வரும், காலைச் சுடும், தடங்கலில்லாமல் மறையும். வந்தவள் கால் வைக்க இடமில்லாமல் திரும்பிப் போய்விட்டாள் என்று எனக்குத் தோன்றியது. முதல்முறை அடைத்தபோது எனக்கு மூன்று வயது. பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். இரண்டாம் முறை கம்பியை நானே கடையில் பொறுக்கி வாங்கிவந்தேன். யுத்தம் வந்தது, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம், பட்டணத்திலிருந்து குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் எங்கள் கூடத்தில் படுத்திருந்தார்கள். அவ்வளவு கூட்டத்திலும் அந்த நாற்காலி எனக்காகக் காலியாக இருந்தது. நான் கட்டுரை யோசிப்பதாக எல்லோரும் நினைத்தார்கள்.

கூட்டம் கலைந்து அவரவர் பட்டணம் திரும்பிய சமயம், ஒரு சாயங்காலம் அத்தை அதே அறையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டுவிட்டேன்.

"அத்தை, அம்மாவை நாமதான் ரெண்டாம் வாட்டியும் வெளியே தள்ளிட்டோமா?"

"என்னாடா ஒளர்றே?"

"ஜன்னல் வச்சதிலிருந்து வரவே இல்லையே."

அத்தை உரிப்பதை நிறுத்தவில்லை. "அது பால்காரன் எருமைடா. நாலு மணிக்கு ஏரிக்குத் தண்ணி காட்ட இந்தச் சந்துலதான் ஓட்டுவான். புழுதில அது காலு சத்தமே கேக்காது. கொத்தனாரு மண்ணைக் குமிச்சதுலேர்ந்து அந்தாண்ட தெருவால ஓட்டறான்."

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? இத்தினி வருஷமா பாக்கற எருமை."

"அப்புறம் ஏன் மூட வேணாம்னு சொன்னே? எதுக்கு உள்ள வந்தே?"

"அந்தப் பொண்ணு மூச்சுக்கு அல்லாடிக்கினு கெடந்துதே, பாத்துக்கினு நிக்கச் சொல்றியா?" என்றாள். தோலை முறத்தில் தட்டினாள். "அதுவுமில்லாம, ஒங்கம்மா வர்றதா இருந்தா இந்த வூட்டுக்கா வருவா? அவளுக்கு இங்க என்னா வச்சிருந்துது? நேரா விழுப்புரத்துக்கில்ல போயிருப்பா."